இவர் பெயரில் நான் கட்டிய பூச்சிகள்

எங்கள் கலியாணம் முடிந்த இரண்டாம் வருஷம் இவருக்குத் தூண்டில் பைத்தியம் பிடித்தது. அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்கு வேலை, நீர்வேலியில் வாழைத் தோட்டத்துக்கு நடுவே வீடு. கடலுக்கும் எங்கள் பரம்பரைக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் காங்கேசன்துறையில் பங்களா எடுத்திருந்த வெள்ளைக்கார எஞ்சினியர் ஒருவர் மீன் பிடிப்பதற்கென்று ஒரு கிளப் தொடங்கினார். கோட்டில் வழக்குப் பேசுகிற ஒரு புரொக்டர், ஒரு பறங்கி டாக்குத்தர், பள்ளிக்கூட வாத்திமார் இரண்டுபேர் அதில் சேர்ந்தார்கள். இவரும் போய் விழுந்தார்.

அவர்கள் மீன் பிடித்த விதத்தைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். தூண்டில் முள்ளில் இறாலும் இல்லை, புழுவும் இல்லை. சேவலின் கழுத்து இறகையும் பட்டுநூலையும் முள்ளின்மேல் வைத்துச் சுற்றி, தண்ணீரில் ஓடும் மீன்குஞ்சு மாதிரி ஒன்றைச் செய்வார்கள். அதற்கு இங்கிலீசில் ஈ என்று பெயர். மீன்குஞ்சைச் செய்துவிட்டு ஏன் ஈ என்கிறீர்கள் என்று கேட்டேன். இவருக்கும் தெரியவில்லை. நான் பூச்சி என்றே சொல்லிப் பழகிவிட்டேன். நீண்ட மெல்லிய தடியால் நூலைத் தலைக்குமேலே முன்னும் பின்னும் வீசி வீசி அந்தப் பூச்சியைத் தூரத்தில் கொண்டுபோய் விழுத்துவார்கள். குருநகரில் வள்ளமும் வலையும் வைத்திருந்த சம்மாட்டி ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, துரைமார் மீனுக்குச் சாமரம் வீசுகினமோ என்று கேட்டாராம். இவர் அதை எனக்குச் சொல்லும்போது சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை சைவக்காரருக்கு விரதம். ஞாயிற்றுக்கிழமை வேதக்காரருக்குப் பூசை. ஆகவே கிளப்புக்குச் சனிக்கிழமைதான் வாய்த்தது. மத்தியானம் எஞ்சினியரின் கார் எங்கள் ஒழுங்கை முகப்பில் வந்து நிற்கும், எல்லோருமாக ஆனையிறவுக் கடலேரிக்குப் போவார்கள். புறப்படுமுன் காரின் மூக்கில், சட்டைப்பையில் இருந்து எடுத்த ஒரு வெள்ளை லேஞ்சியை விரித்து, ஒவ்வொருவரும் அன்று காலையில் கட்டிய பூச்சியை அதில் வைக்கவேண்டும். எது திறம் என்று எல்லோருமாகத் தீர்ப்புச் சொல்லுவார்கள். பழைய பூச்சி கொண்டுவந்தால் அன்றைக்கெல்லாம் கேலிதான்.

சனிக்கிழமை எங்கள் ஊரில் ஆம்பிளைகள் எண்ணெய் முழுகுகிற நாள். இவருடைய தாய், என் மாமி, இருக்கும்வரை அதற்கு மாற்றுக் கிடையாது. உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்து, அரப்புப் போட்டு முழுகிவிட்டு வந்து இவர் பூச்சி கட்ட உட்காருவார். அரப்புக்கு மசிகிற எண்ணெயா அது? நகக்கண்ணிலும் விரல் இடுக்கிலும் நின்றுவிடும். இறகு நனைந்த கோழிக்குஞ்சு போல ஒட்டிக்கொள்ளும், நூலில் மெழுகு பிடிக்காது, முடிச்சு வழுக்கும். லேஞ்சியில் வைத்த இவருடைய பூச்சியைத் தொட்டுப் பார்த்துவிட்டு எஞ்சினியர் விரலை முகர்ந்து பார்த்தாராம். எண்ணெய் முழுக்கைப் புதன்கிழமைக்கு மாத்துங்கோ என்று சொன்னேன். மாமியிடம் அதைச் சொல்ல இவருக்குத் தைரியம் இல்லை.

"இஞ்சை இந்த நூலை ஒருக்கால் பிடியும்" என்றார் ஒரு சனிக்கிழமை. "எண்ணெய்க் கை வழுக்குது."

அப்படித்தான் தொடங்கியது. முதலில் நூலைப் பிடித்தேன். பிறகு முடிச்சுப் போட்டேன். இரண்டு மூன்று மாதத்தில் முழுப் பூச்சியையும் நானே கட்டினேன். கோழி இறகை வீட்டுக்குள் எடுக்க மாமி விடமாட்டா என்பதால் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பலகையில் இருந்து கட்டுவேன், கட்டி முடித்து முழுகிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவேன். என் பழைய காஞ்சிபுரச் சேலைக் கரையில் சரிகை உருவி, பூச்சியின் வயிற்றில் சுற்றிப் பார்த்தேன். வெயில் பட்டதும் மீன் செதில் மாதிரியே மின்னியது. அன்றைக்கு லேஞ்சியில் இவருடைய பூச்சிக்குத்தான் முதலிடம். இருட்டிய பிறகு வந்து, கொடுவா மீன் ஒன்று அதைப் பாய்ந்து கவ்விய விதத்தைக் கையாலும் வாயாலும் காட்டினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் முன்பு கண்டதில்லை.

மச்சம் சேராத வீடு என்பதால் பிடித்த மீனை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. வழியிலேயே யாருக்காவது கொடுத்துவிடுவார். ஆகவே என் பூச்சி பிடித்த மீன் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. எனக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். ஒருநாள் நானும் அந்தத் தண்ணீரில் நின்று, நான் கட்டினதை நானே வீசி, ஒரு மீன் அதை நோக்கி வருகிறதைக் கண்ணால் பார்க்கவேண்டும். பிடிபடாவிட்டாலும் காரியமில்லை. துரைசாணி, அதாவது எஞ்சினியரின் பெண்சாதி, ஆம்பிளைகளோடு சரிசமமாக நின்று தடி வீசுகிறா என்று இவர் சொன்ன நாளிலிருந்து அந்த ஆசை என்னை விடவில்லை. வாய்விட்டுச் சொன்னேனா என்றால் இல்லை. சொல்லாமலே தெரியவேண்டும் என்று ஒரு வீம்பு.

கிளப்பில் பூச்சி கட்டுவதில் இவர் மன்னன் என்று பேராகிவிட்டது. பேர் வந்தால் பின்னாலே வினையும் வரும். கொழும்பிலிருந்து எஞ்சினியரின் சிநேகிதர் ஒருவர் வரப்போகிறார், அவருக்கு முன்னால் இவர் இருந்து ஒரு பூச்சி கட்டிக் காட்டவேண்டும் என்று ஏற்பாடு. இவர் கச்சேரியால் வந்து, சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, சாத்தின இடத்திலேயே நின்றார். என்ரை மனுசிதான் கட்டுறவ என்று சொல்லிவிடுவார் என்று நான் நினைத்தேன். உண்மையைச் சொன்னால், அதற்காகக் காத்திருந்தேன். அவர் வலக்கைப் பெருவிரலை நீட்டினார்.

"இதிலை ஒரு கட்டுப் போட்டுவிடும். கத்தி வெட்டினதெண்டு சொல்லுறன்."

காயமில்லாத விரலுக்குக் கட்டுப் போடுவது லேசான காரியம் அல்ல. இறுக்கினால் விரல் நீலம் பாயும், தளர்த்தினால் கழன்று விழும். வெள்ளைச் சீலையைக் கிழித்து, பூச்சிக்குச் சுற்றுகிற அதே கவனத்தோடு சுற்றி, நுனியை உள்ளே செருகினேன். நல்ல கட்டு. மாமிகூட நம்பி, புண்ணுக்கு மஞ்சள் அரைத்துத் தந்தா. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

கொழும்புச் சிநேகிதர் வந்த சனிக்கிழமை தப்பிப் பிழைத்தார். ஆனால் துரைசாணி நல்ல மனசுக்காரி. திங்கட்கிழமை பின்னேரம் விரலைப் பார்க்கவென்று மருந்துப் போத்தலோடு தானே கார் ஓட்டி வந்துவிட்டா. நாய் குரைத்த சத்தத்தில் இவர், கழற்றி வைத்த விரல் கட்டைத் தேடிக்கொண்டு உள்ளே ஓடினார். வீட்டைச் சுற்றி வந்த துரைசாணி மாட்டுக்கொட்டிலடியில் என்னைக் கண்டா. புது மாதிரி ஒன்று கட்டிப் பழகிக்கொண்டிருந்த என் கையில் பாதி கட்டின பூச்சி, மடியில் இறகு, பல்லிடுக்கில் நூல். பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை அன்றோடு முடிந்தது.

அவ சிரிக்கவில்லை. பக்கத்தில் குந்தியிருந்து, நான் மீதியைக் கட்டி முடிக்கும்வரை பார்த்தா. விரலில் கோணலாகக் கட்டைச் சுற்றிக்கொண்டு இவர் வந்தபோது அந்த விரலைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. இவரைப் பார்த்து, வருகிற சனிக்கிழமை உங்கள் மனைவியையும் கூட்டிவாருங்கள், எனக்குப் பக்கத்தில் நிற்கட்டும், என் தடியைக் கொடுக்கிறேன் என்று இங்கிலீசில் சொன்னா. இவர், அவள் வரமாட்டாள், தண்ணீர் என்றால் பயம், எங்கள் பெண்டுகளுக்கு இது வழக்கமில்லை என்று இங்கிலீசிலேயே மறுமொழி சொன்னார். துரைசாணி அதோடு விடவில்லை. திரும்பி என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. நான் சொல்லட்டும் என்று நின்றா.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள். இருவரும் கதைத்தது முழுதும் எனக்கு விளங்கியது. வருகிறேன் என்று சொல்வதற்கு வேண்டிய இங்கிலீசு என்னிடம் தாராளமாக இருந்தது. புருஷன் சொன்னதைப் பிற ஆளுக்கு முன்னால் பொய்யாக்குவதற்கு வாய் வரவில்லை. குனிந்து மடியில் இருந்த இறகுகளைப் பொறுக்கினேன். அவ கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டா. அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு எரிகிறது.

கார் போன பிறகு இவரிடம் கேட்டேன்.

"அங்கை தண்ணி உண்மையாய்ப் பயப்படுற அளவுக்கு ஆழமோ?"

"இடுப்பளவு தண்ணி. கீழை முழுக்கச் சேறு, கால் வைச்சால் உள்ளை இழுத்துப்போடும். அவையள் ரப்பர் சப்பாத்தோடை நிக்கினம். உமக்கு ஏலாது."

நம்பினேன். வெளியாருக்கு என்ன சொன்னாலும் என்னிடம் அவர் பொய் சொல்லி நான் அறியவில்லை. துரைசாணி யாரிடமும் எங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்குப் பிறகும் பல சனிக்கிழமைகள் நான் பூச்சி கட்டினேன், இவர் கொண்டுபோனார். கட்டும்போது ஆசை போய் ஒரு கோபம் வந்து சேர்ந்துகொண்டது. ஆனால் கோபத்தோடு கட்டினாலும் பூச்சி திறமாகத்தான் வந்தது. பிறகு உலகச் சண்டை வந்தது. எஞ்சினியரும் துரைசாணியும் சீமைக்குப் போனார்கள், அங்கிருந்து தூண்டில் முள் வருவது நின்றது, கிளப் கலைந்தது. தடியைக் கறையான் தின்றது. மாமியும் போய்ச் சேர்ந்தா.

சண்டை முடிந்து கொஞ்சக் காலத்தில் இவருக்கு வவுனியாவுக்கு மாற்றம் வந்தது. தை மாதம், சாமான்களை முதலில் லொறியில் அனுப்பிவிட்டு நாங்கள் ரயிலில் போனோம். அதுவரை நான் ஆனையிறவு தாண்டியதில்லை. மாரி பெய்து ஓய்ந்து, கடலேரியில் வருஷத்தில் தண்ணீர் ஆகக் கூடுதலாக நிற்கிற காலம். இரண்டு பக்கமும் வானம் முட்டத் தண்ணீர். அதற்குள் நாலைந்து பெண்கள் வெறுங்காலோடு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, குனிந்து கையால் இறால் தடவிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தியின் இடுப்பில் பிள்ளை வேறு. தண்ணீர் அவர்களுடைய முழங்காலுக்கு எட்டவில்லை.

"உதுவோ நீங்கள் நிண்ட இடம்?"

"ஓம்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார், நான் எதைப் பார்க்கிறேன் என்றும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டித் தலைப்பால் துடைத்தார். கனநேரம் துடைத்தார்.

"நீர் ஒருக்கால் வாய்திறந்து கேட்டிருந்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பன்."

என்மேல் பழி போட அவர் அதைச் சொல்லவில்லை. ஆழத்தைப் பற்றிப் பொய் சொன்னீங்களே என்று அந்த ரயில் பெட்டி அதிரச் சண்டை பிடித்திருப்பேன், அவர் இதைச் சொல்லாமல் இருந்திருந்தால். இவ்வளவு காலமும் நான் பக்கத்தில் இருந்து பார்த்த மனுஷன் அவர். கேட்டிருந்தால் நாலு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார், ஐந்தாம் நாள் கூட்டிக்கொண்டு போயிருப்பார். அது எனக்கு அப்போதும் தெரியும். நான் கேட்கவேயில்லை.