யானைத் துறைக்கு ஓடிவந்தவன்

புளியங்குளம் சந்தியில் யாழ்ப்பாண பஸ் வந்து நின்றபோது காலை ஆறு மணி ஆகவில்லை. தை மாதத்துப் பனி இன்னும் விலகவில்லை. முதல் நாள் பகலிலேயே வந்து சந்தியில் மருமகனின் கடையில் படுத்திருந்த நானும் மனைவி கமலாவும் ஏறி உட்கார்ந்தோம். எங்கள் வீடு நெடுங்கேணிக்குக் கிழக்கே இருக்கிறது. காடு எங்கே முடிகிறது, வீட்டு வளவு எங்கே தொடங்குகிறது என்பதில் எங்களுக்கும் யானைகளுக்கும் இன்னும் உடன்பாடு இல்லாத இடம். அங்கிருந்து ஊர்காவற்றுறை நூற்றைம்பது கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். யானை பார்க்க வெள்ளைக்காரர் விமானம் ஏறி வருகிற நாட்டில், யானையைப் பார்க்காமல் இருப்பதற்காக நான் பஸ் ஏறியிருக்கிறேன்.

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, சமைக்கிற குசினிச் சுவர் உள்ளே விழுந்தது. அந்த ஓட்டை வழியாக ஒரு தும்பிக்கை வந்து விதைநெல் மூட்டையைத் தேடியது. கமலா தகரத்தை எடுத்து அடித்துக்கொண்டு அதை எதிர்த்துப் போனாள். நான் அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவே, விளக்குமாறு வைக்கிற இடைவெளியில் நின்றேன். எப்படி உள்ளே போனேன் என்று தெரியாது. என்னை வெளியே எடுக்க மூன்று பேர் சேர்ந்து அலுமாரியை நகர்த்த வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து கமலா நித்திரை கொள்வதில்லை. கண்ணை மூடுவாள், காது மட்டும் வேலிக்கரையில் நிற்கும். அவளுடைய அண்ணர் கனடாவிலிருந்து போன் எடுத்தார். ஊர்காவற்றுறைக்குப் பக்கத்தில் அவர்களுடைய வீடு சும்மா கிடக்கிறது. நாங்கள் வந்து குடியிருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடப் போகிறார், ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும். இன்று சனிக்கிழமை. எங்கள் வயலில் நெல் பழுத்துக்கொண்டிருக்கிறது. அதை விட்டுவிட்டுத் தீவுக்குப் போவதா என்பதுதான் பஸ் முழுக்க நாங்கள் பேசாமல் இருந்த விசயம்.

முறிகண்டியில் எல்லா பஸ்ஸும் நிற்பதுபோல் எங்களுடையதும் நின்றது. சாரதி இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார். நானும் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, வறுத்த கச்சான் கடலையுடன் ஏறினேன்.

“என்ன கேட்டனீங்கள்?” என்றாள் கமலா.

“உங்கடை ஆக்களிட்டை ஒரு வார்த்தை சொல்லிவையுங்கோ எண்டு.”

அவள் சிரிக்கவில்லை. கச்சானை மட்டும் வாங்கிக்கொண்டாள்.

ஆனையிறவில் இரண்டு பக்கமும் தண்ணீர் மினுங்கியது. வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஒரு காலத்தில் இந்த ஆழமில்லாத கடல்நீரில் இறக்கி யாழ்ப்பாணத்துக்கு நடத்திப் போனார்கள் என்று வாசித்திருக்கிறேன். அங்கிருந்து அவை போன துறை எது என்று நினைத்ததும் கச்சான் தின்கிறதை நிறுத்தினேன். ஊர்காவற்றுறை. யானைகளைக் கப்பலேற்றிய துறை. பறங்கியர் அதற்கு யானைத் துறை என்றே பெயர் வைத்திருந்தார்கள். ஊரெல்லாம் விட்டு, யானைக்குப் பயந்தவன் குடியேறத் தெரிந்தெடுத்த இடம் அது.

ஒன்பது மணி தாண்டி யாழ்ப்பாணம். முதலில் நயினாதீவு, பிறகு வீடு என்பது கமலாவின் திட்டம். அம்மனிடம் கேட்காமல் அவள் ஒன்றும் செய்யமாட்டாள். பண்ணைப் பாலம், மண்டைதீவுச் சந்தி, வேலணை, புங்குடுதீவு என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் குலுங்கிக் குறிகட்டுவானில் இறங்கினோம். வழியெல்லாம் பனையும் கடலும். யானை மறைந்து நிற்கக்கூடிய ஒரு பற்றைகூட இல்லை என்பதை நான் கவனமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

படகில் மேலே இடமில்லை, கீழே இறங்கி உட்கார்ந்தோம். கால்மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான ஓட்டம்தான். ஆனால் இயந்திரத்தின் சூட்டில் பலகை கொதித்தது. முகம் துடைக்கத் துவாய் எடுப்பதற்குப் பைக்குள் கை விட்டேன். துவாய்க்குக் கீழே உருண்டையாக, தடிப்பாக இரண்டு சாமான்கள் கையில் பட்டன.

யானை வெடி. வயற்காவலுக்குக் கொண்டுபோகிற பை அது. எங்கள் பக்கத்தில் ஆண்கள் வீட்டை விட்டு வெளிக்கிட்டால், கதவைப் பூட்டித் திறப்பு எடுக்கிறதுபோல வெடியும் எடுப்பார்கள். கை தானாக வைத்திருக்கிறது. கமலா அதற்கு மேலே உடுப்பை அடுக்கியிருக்கிறாள். வெடித்தால் ஒரு யானையே அரைமைல் ஓடும். இங்கே எழுபது எண்பது பேர் தொடையோடு தொடை முட்டி உட்கார்ந்திருக்கிறார்கள், நடுவில் கொதிக்கிற இயந்திரம். பையைத் தூக்கி மடியில் வைத்தேன். மடி எனக்குத் தேவைப்படும் என்று தோன்றியதும் தலையில் வைத்தேன்.

பக்கத்தில் கோதுமை மா மூட்டையோடு இருந்த நயினாதீவுக் கடைக்காரர் என்னைப் பார்த்தார். “என்ன அண்ணை, கடல் பயமோ?”

“இல்லைத் தம்பி. கடல் நல்லாத்தான் இருக்கு.”

“பின்னை ஏன் இப்பிடி வேர்க்குது?”

“அவருக்கு யானைப் பயம்,” என்றாள் கமலா.

கடைக்காரர் கடலை எட்டிப் பார்த்தார். “இதுக்குள்ளையோ அக்கா?”

“அவருக்கு எங்கையும் வரும்.”

அவர் சிரித்த சிரிப்பில் மா மூட்டை ஆடியது. நான் அவள் காதுக்குள் விசயத்தைச் சொன்னேன். அவள் முகம் மாறவில்லை. “ஆட்டாமல் பிடியுங்கோ. இப்ப ஒருத்தருக்கும் சொல்லாதையுங்கோ,” என்றாள். எனக்கு நினைவு தெரிந்து நான் ஆடாமல் இருந்த ஒரே பயணம் அதுதான்.

கோயிலில் நிலைமை இன்னும் மோசம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கற்பூரம் எரிகிறது. நெருப்பைக் காணும் இடமெல்லாம் நான் விலகி, கும்பிடுகிற எல்லாருக்கும் பின்னால், பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சுற்றினேன். யாரோ ஒரு அம்மா, “அந்தத் தம்பிக்கு என்ன நேர்த்தியோ, பாவம்” என்றார். தீவில் உள்ள புத்த விகாரைப் பக்கம் போனபோது கமலா, புத்தரின் தாய் கனவில் வெள்ளை யானை கண்ட கதையை நினைவுபடுத்தினாள்.

“கனவிலை வந்தால் மகான் பிறப்பார்,” என்றேன். “குசினிக்குள்ளை வந்தால் நாங்கள்தான் திரும்பப் பிறக்கவேணும்.”

இறங்குதுறைக்குத் திரும்பும் வழியில் ஒரு தண்ணீர்க் குழாய் இருந்தது. கமலா பையை வாங்கி, இரண்டு வெடியையும் எடுத்து, திரியும் கடதாசியும் கூழாகும் வரைக்கும் குழாய்க்குக் கீழே பிடித்தாள்.

“கமலா, அறுவடை வரைக்கும் காவலுக்கு அது வேணுமெல்லே?”

“எனக்கு வேண்டாம்.”

அவள் முடிவு எடுத்துவிட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. எடுக்காதவன் நான். யானைக்குப் பயந்து அலுமாரிக்குப் பின்னால் போனவனுக்கு, வயலை விட்டுப் போகவும் பயமாக இருந்தது. முப்பது வருசமாக ஒரே பயத்தோடு இருந்துவிட்டு, புதுப் பயத்துக்கு மாறுவது இலேசில்லை.

மூன்று மணிபோல ஊர்காவற்றுறை வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கமலாவின் சின்னம்மா கதவைத் திறந்துவிட்டார். கிணற்றுத் தண்ணீர் உவர். முற்றத்தில் பனையோலை. கூடத்தில் ஒரு கதிரை, ஒரு பாய். வேறு ஒன்றுமில்லை.

“குடிக்கிற தண்ணி பவுசர் வண்டியிலை வரும். பார்த்துப் பாவிக்கவேணும்,” என்றார் சின்னம்மா. “நீர் வயல்காரன். உமக்கு இஞ்சை பொழுது போகாது.”

“பயப்படுறதுதான் என்ரை பொழுதுபோக்கு மாமி. அதுக்கு இஞ்சை ஒண்டும் இல்லைப் போலை கிடக்கு.”

நான் துறையடிக்கு நடந்தேன். ஐந்து நிமிசம் உட்கார முடியவில்லை, எழும்பி நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் நடந்தேன். காரைநகர்ப் படகு ஒன்று நாலைந்து பேரையும் ஒரு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போனது. யானையை எப்படிக் கப்பலில் ஏற்றியிருப்பார்கள்? காலில் சங்கிலி, முன்னுக்குப் பழக்கின யானை, பின்னுக்கு ஈட்டி. எங்கள் காட்டில் பிறந்தது வங்காளத்தில் ஏதோ ஒரு ராசாவுக்கு நின்றிருக்கும். போனது ஒன்றும் திரும்பி வந்திருக்காது. மிஞ்சினவற்றின் பேரப்பிள்ளைதான் என் விதைநெல்லைத் தின்றது. அதற்கும் காடு குறைந்துகொண்டு வருகிறது, எனக்கும் சுவர் குறைந்துவிட்டது. இரண்டு பேருமே போக வேறு இடமில்லாமல் நிற்கிறோம் என்று நினைத்திருந்தேன். எனக்கு இப்போது ஒரு வீடு இருக்கிறது.

திரும்பி வந்தபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. கமலா பாயில் கிடந்தாள். வாய் சற்றுத் திறந்திருந்தது. நான் வேலிப் படலையைத் திறந்த சத்தத்துக்கோ, சின்னம்மா வாளியை வைத்த சத்தத்துக்கோ அவள் அசையவில்லை. மார்கழிக்குப் பிறகு அவள் குறட்டையை நான் கேட்கவில்லை. கதிரையில் இருந்து கேட்டேன். சின்னம்மா தேத்தண்ணீரோடு வந்து எழுப்பப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“கனடாவுக்குச் சொல்லுங்கோ மாமி, நாங்கள் இருக்கிறம்.”

எழும்பியதும் கமலா வெளியே வெளிச்சத்தைப் பார்த்துத் திடுக்கிட்டாள். “ஏன் எழுப்பேல்லை? பஸ் போயிடும்.”

“எனக்குத்தான் பஸ். நீர் இரும். வயல் வெட்டின பிறகு வாறன்.”

“தனிய இருப்பியளோ? அலுமாரியை ஆர் நகர்த்துறது?”

“அலுமாரிக்குப் பின்னாலையே பாயைப் போடுறன். நகர்த்துற வேலை மிச்சம்.”

அவள் படலை வரைக்கும் வந்தாள்.

இதை வவுனியா பஸ்ஸில் இருந்து எழுதுகிறேன். தீவுக்காரர் மாலையில் கதவைத் திறந்து வைத்துக் காற்று வாங்குகிறார்கள். நாங்கள் அந்த நேரத்தில் கதவை அடைத்துச் சத்தம் வாங்குகிறோம். இருட்டினால் எங்கள் உள்வீதியில் ஒருவரும் போகமாட்டார்கள், புளியங்குளத்தில் மருமகன் கடையில் படுத்துவிட்டுக் காலையில்தான் வீட்டுக்குப் போகவேண்டும். ஆனையிறவைத் தாண்டியதும் போன் அடித்தது.

“எங்கை நிக்கிறியள்?”

“ஆனையிறவு தாண்டியாச்சு.”

“பயமோ?”

ஏதாவது பகிடி சொல்ல வாயைத் திறந்தேன். வரவில்லை.

“ஓம்,” என்றேன்.

“காவலுக்குப் போகேக்கை போன் எடுங்கோ,” என்றாள். “நான் முழிச்சிருப்பன்.”

“வேண்டாம்,” என்றேன். “நீர் நித்திரை கொள்ளும்.”