மேலிருந்தா, மறுபடியுமா?

மயிலாப்பூரில் எங்கள் தெருக் கத்தோலிக்கக் குடும்பங்கள் மாதம் ஒரு ஞாயிறு ஒரு வீட்டில் கூடி ஜெபம் செய்வோம். போன முறை பத்து நிமிடம் பேசச் சொல்லி பங்குத் தந்தை என்னிடம் கேட்டார். இணையத்தில் ஆறு மாதம் கிரேக்கம் படித்தவன் என்பதை நானே அவரிடம் நாலைந்து தடவை சொல்லியிருந்தேன்.

நான் எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வார்த்தை. யோவான் நற்செய்தியில், இரவில் தம்மைத் தேடி வந்த நிக்கதேம் என்ற யூதத் தலைவரிடம் இயேசு சொல்லும் ‘அனோத்தென்’ என்ற கிரேக்கச் சொல். அதற்கு ‘மேலிருந்து’ என்றும் பொருள், ‘மறுபடியும்’ என்றும் பொருள். இயேசு மேலிருந்து பிறக்க வேண்டும் என்கிறார்; நிக்கதேம் மறுபடியும் என்று எடுத்துக்கொண்டு, வயதானவன் எப்படித் தாய் வயிற்றுக்குள் திரும்பப் போவது என்று கேட்கிறார். இயேசு இறந்தபோது கோவில் திரை மேலிருந்து கீழ்வரை கிழிந்ததை வேறு நற்செய்திகள் சொல்லும் இடத்திலும் இதே வார்த்தைதான். நாலு பக்கம் எழுதிவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் வைத்து அதைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தபோது இரண்டாம் பக்கத்தில் சொட்டென்று தண்ணீர் விழுந்தது. அண்ணாந்தால் கூரையில் தட்டு அளவுக்கு ஈரம்.

மாடி வீட்டு மாமியிடம் போய்ச் சொன்னேன்.

“எங்காத்துல தரையெல்லாம் காஞ்சு கெடக்கு. நீங்களே வந்து பாத்துண்டு போங்கோ” என்றார்.

பார்த்தேன். காய்ந்துதான் கிடந்தது. என் மனைவி பிளம்பரைக் கூப்பிட்டாள். அவர் ஸ்டூலில் ஏறிக் கூரையைத் தட்டிப் பார்த்தார், மாமி வீட்டுக்குப் போனார், அரை மணி கழித்துக் கையெல்லாம் வெள்ளை சிமெண்டோடு இறங்கி வந்தார்.

“மேலேருந்துதான் சார் வருது. பாத்ரூம் தரைக்கு அடில பைப்பு ஜாயிண்ட் விட்டுக்கினு கீது. பூசி வுட்டுட்டேன், இப்போ நிக்கும். மறுபடியும் வரும்.”

மனைவி சிரிக்க ஆரம்பித்தாள். “உங்க நாலு பக்கத்தையும் இவர் சொல்லிட்டாரு.”

பிளம்பருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேறு வழியில்லாமல் நிக்கதேம் கதையை அவருக்குச் சொன்னேன். கை கழுவிக்கொண்டே பொறுமையாகக் கேட்டார்.

“ஒரே வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம்னா அந்தாளு மேல இன்னா சார் தப்பு? சொல்றவரு தெளிவா சொல்ல வேணாமா?”

பதில் தேடி என் நாலு பக்கத்தையும் முதலிலிருந்து புரட்டினேன். ராத்திரி சாப்பிடும்போதும் அதையேதான் யோசித்தேன்.

மறுநாள் கூட்டத்தில் நடந்ததைச் சொல்லி, அந்தக் கேள்வியை அப்படியே வைத்தேன். எல்லோரும் பங்குத் தந்தையைப் பார்த்தார்கள். அவர் ஜன்னலைப் பார்த்தார். கடைசி வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர்தான் வாயைத் திறந்தார்.

“தெளிவா சொல்லியிருந்தா அந்த மனுஷர் தலையாட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்பார். புரியாததாலதான் திருப்பிக் கேட்டார். முப்பது வருஷம் கிளாஸ் எடுத்திருக்கேன், எனக்குத் தெரியாதா?”

அதைவிட நல்ல விளக்கம் நான் படித்த எதிலும் இல்லை. அவர் சொன்னதை என் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டேன்.

கூட்டம் முடிந்து போண்டாவும் காபியும் வந்தன. மூன்று பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கிரேக்கத்தில் சந்தேகம் போலிருக்கிறது என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். மூவருக்கும் பிளம்பர் நம்பர்தான் வேண்டியிருந்தது. அது என்னிடம் இல்லை. மனைவியைக் கைகாட்டிவிட்டு நான் போண்டா பக்கம் போனேன்.