பெயரை இரவல் தராத கணக்கு வாத்தியார்

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலை அதிராம்பட்டினத்திலிருந்து போன் வந்தது. "வாப்பா மவுத்தாயிட்டாங்க மாமா. அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்" என்றான் ஜமால் சாரின் மகன். சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். போய் ஒரு பிடி மண் போட முடிந்தது.

மறுநாள், நாங்கள் இருவரும் வேலை பார்த்த பூதலூர்ப் பக்கத்துப் பள்ளியின் வாசலில் பிளெக்ஸ் பேனர் நின்றது. பெரிய சூரியகாந்திப் பூ. அதன் நடுவில் ஜமால் சார். கீழே, 'இயற்கையின் எண்களைக் காட்டிய அமைதியின் உருவம், விருப்ப ஓய்வு பெற்ற கணித ஆசிரியர்.' விருப்ப ஓய்வாம்! யாருடைய விருப்பம்? அவரை அறிந்தவர்கள் நாலு பேர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறோம். நாங்களும் போய்ச் சேரும்வரை பொறுத்திருந்து இந்தப் பொய்யை எழுதியிருக்கக் கூடாதா?

பூக்களை அவர் காட்டியது உண்மை. ஒன்று, ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு என்று கடைசி இரண்டைக் கூட்டினால் அடுத்தது வருகிற எண்வரிசையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, பிள்ளைகளை வெளியே அழைத்துப் போவார். செம்பருத்தியில் ஐந்து இதழ். அன்னாசிப் பழத்தில் ஒரு பக்கம் சுற்றும் வரிகள் எட்டு, மறுபக்கம் பதின்மூன்று. எல்லாரும் வாயைப் பிளந்து நிற்கும்போது இட்லிப்பூவைப் பறித்துக் கையில் கொடுப்பார். அதற்கு நாலே இதழ். "இதைத் தூக்கிப் போட்டுட்டு எல்லாப் பூவும் கணக்குல வருதுன்னு சொன்னா, அது கணக்கு இல்ல, புளுகு" என்பார். பேனர்க்காரர்களுக்கு இந்த இட்லிப்பூ மட்டும் எப்படியோ மறந்துபோனது.

தமிழாசிரியனான நான் ஒருநாள் சண்டைக்குப் போனேன். குறிலையும் நெடிலையும் அடுக்கி மாத்திரை எண்ணினாலே அந்த வரிசை வந்துவிடுகிறதே, நம் நாட்டு யாப்புக்காரர்கள் முன்பே கண்டதற்கு எதற்கு ஃபிபனாச்சி என்கிற இத்தாலிக்காரர் பெயர் என்று கேட்டேன். ஜமால் சார் சிரித்தார். ஃபிபனாச்சி அறிவைத் திருடியவரில்லை, அப்பா வேலை பார்த்த ஆப்பிரிக்கத் துறைமுகத்துக்குப் போய் இந்திய எண்களைக் கற்றவர், அதைத் தன் புத்தகத்தில் ஒளிக்காமல் எழுதியும் வைத்தவர் என்றார். "எங்க ஊருப் பயலுவ மாதிரிதான் சார், வாப்பாவோட கப்பலேறிப் போனவன். வாங்குனதை வாங்குனேன்னு சொன்னான் பாருங்க, அது போதும்."

நில உச்சவரம்புச் சட்டம் வந்திருந்த காலம் அது. உழுகிறவனுக்கே நிலம் என்று மேடைக்கு மேடை முழங்கினார்கள். முழங்கியவர்களே இறங்கிவந்து எங்கள் தாளாளர் வீட்டில் சாப்பிட்டார்கள். ஆட்சி மாறினால் அந்த வீட்டு வாசலில் தொங்கும் துண்டின் கரைதான் மாறும். பள்ளிக்கும் ஊர் வயலில் பாதிக்கும் அவர்தான் சொந்தக்காரர். வரம்புக்கு மேல் இருந்ததையெல்லாம் மச்சான், மைத்துனன், சமையல்காரர், வண்டிக்காரர் என்று பினாமி பெயர்களில் எழுதினார். செத்துப்போன சித்தப்பா பெயரில்கூட நிலம் இருந்தது. வாய்க்காலோரத்து நிலம் ஒன்று பாக்கி. தலைமுறையாக அதில் பாடுபட்ட கூலிக் குடும்பங்கள் உபரி நிலம் தங்களுக்குக் கிடைக்கும் என்று காத்திருந்தன. தாளாளர் ஜமால் சாரைக் கூப்பிட்டனுப்பினார். சொந்தக்காரர் பெயரெல்லாம் தீர்ந்துவிட்டது, உம் பெயர் என்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், ஒரு கையெழுத்துப் போதும் என்றார். நானும் உடன் போயிருந்தேன். ஜமால் சார் "முடியாதுங்க" என்றார். வாசலுக்கு வந்து செருப்பை மாட்டிக்கொண்டார்.

அந்த வாரம் வகுப்பில் ஃபிபனாச்சியின் முயல் கணக்கு. வேலிக்குள் ஒரு ஜோடி முயல். அது குட்டி போட, குட்டிகளும் வளர்ந்து குட்டி போட, மாதா மாதம் எண்ணிக்கை அதே வரிசையில் ஏறும். ஆனால் ஒரு நிபந்தனை, எந்த முயலும் சாகக் கூடாது. சாகாத முயல் உலகத்தில் உண்டா என்று ஒரு மாணவி கேட்டாள். "உண்டும்மா, நம்ம ஊரு பட்டாவுல" என்றார் ஜமால் சார். சாயங்காலத்துக்குள் அந்தப் பேச்சு டீக்கடை வரை போய்விட்டது. பெயர் கொடுத்தவர்களையெல்லாம் ஊர் முயல் என்று கூப்பிட ஆரம்பித்தது. அடுத்த மாதம் ஒழுங்கீனம் என்று சொல்லி அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள். ஆசிரியர் சங்கமும் வாய் திறக்கவில்லை, மேடையில் முழங்கியவர்களும் திறக்கவில்லை. அவர் சொந்த ஊருக்குப் போய் டியூஷன் எடுத்துப் பிழைத்தார். இதற்குப் பெயர் விருப்ப ஓய்வு!

போன வாரம் சார் வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போயிருந்தபோது, தாளாளரின் பேரன் காரில் வந்து இறங்கினார். இப்போது அவர்தான் தாளாளர். பள்ளியில் கணிதப் பூங்கா அமைக்கிறார்களாம், அதற்கு ஜமால் சார் பெயரை வைக்கக் குடும்பத்தார் சம்மதிக்க வேண்டுமாம். கணவனை இழந்த பெண்கள் வெளியார் கண்ணில் படாமல் இருக்கும் இத்தாவில் இருந்த சாரின் மனைவி திரைக்கு அந்தப் பக்கமிருந்து பேசினார்.

"அவங்க பேரை உங்க தாத்தா ஒருதடவை கேட்டாங்க தம்பி. கொடுக்கலைன்னு வேலையை விட்டு அனுப்புனாங்க. அதையும் பலகையில எழுதுறதா இருந்தா வைங்க."

கலந்து பேசிவிட்டுச் சொல்வதாகக் கிளம்பியவரிடமிருந்து இன்றுவரை தகவல் இல்லை. பேனரும் அப்படியேதான் நிற்கிறது.

அந்த வாய்க்காலோரத்து நிலம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். முயல் என்ற பெயருக்குப் பயந்து அதன்பின் யாரும் கையெழுத்துக் கொடுக்க முன்வரவில்லை. வேறு வழியில்லாமல் அது உபரி நிலமாகக் கணக்கில் ஏறி, உழுதவர்களுக்கே போய்ச் சேர்ந்தது. அவர்கள் பேரப்பிள்ளைகள் இந்த வருஷமும் அங்கே குறுவை நட்டிருக்கிறார்கள். அந்தப் பட்டாக்கள் எதிலும் ஜமால் சார் பெயர் இல்லை. அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது, அங்கே இல்லாத அந்தப் பெயரைத்தான்.