இடி வாங்கும் அந்தஸ்து

வில்ஃப் ஆக்ராய்ட் வாரத்தில் ஐந்து நாள் நகராட்சியின் ரோடு ரோலர் ஓட்டினார். யார்க்ஷயரின் தெருக்களில் அவரைத் தபால்காரர் முந்துவார், தபால்காரரைத் துரத்துகிற நாய் முந்தும், அந்த நாயைத் தேடி வருகிற கிழவியும் முந்துவார். அப்படிச் சேர்த்து வைத்த அவசரத்தையெல்லாம் சனிக்கிழமை மாலை கிராக்ஸ்லி மைதானத்தின் சாம்பல் தடத்தில் கொட்டித் தீர்ப்பார். அங்கே அவர் கார் பந்தய வீரர்.

அந்தப் பந்தயத்தில் இடிப்பது குற்றமில்லை. முன்னால் போகிறவரைத் தள்ளி வேலியில் சாத்திவிட்டுப் போவதற்காகத்தான் கார்களுக்கு அவ்வளவு பெரிய பம்பர். யார் எவ்வளவு பெரிய ஆள் என்பதைக் காரின் கூரை சொல்லும். கற்றுக்குட்டிக்கு வெள்ளை, தேறினால் மஞ்சள், பிறகு நீலம், உச்சியில் சிவப்பு. வெள்ளைக் கூரைகள் முன்வரிசையில் கிளம்பும், சிவப்பு கடைசியில். ஜெயிக்க ஜெயிக்கப் பின்னால் தள்ளுவதும் தோற்கத் தோற்க முன்னால் உட்கார வைப்பதும் வேறெந்தத் தொழிலில் நடந்தாலும் தொழிற்சங்கம் கொடி பிடித்திருக்கும்.

வில்ஃப் இளவயதில் வெள்ளையாகத் தொடங்கி, கல்யாணமான வருஷம் மஞ்சளாகி, மூத்தவள் பள்ளிக்கூடம் போகிற காலத்தில் நீலமாகி, நாற்பதாவது வயதில் ஒரே ஒரு பந்தயப் பருவத்துக்குச் சிவப்பானார். அந்தப் பருவத்தில் மதுக்கடையில் அவருக்கென்று ஒரு நாற்காலியை யாரும் சொல்லாமலே ஒதுக்கி வைத்தார்கள். மிச்சமான சிவப்புப் பெயின்டை மனைவி டோரின் வாசல் கதவுக்கு அடித்தார். கதவு சிவப்பாகவே நின்றது, கூரை நிற்கவில்லை. கியர்பெட்டி போயிற்று, பிறகு முதுகு போயிற்று. மறுபடி நீலம். மறுபடி மஞ்சள்.

இதிலெல்லாம் வில்ஃப் கலங்கவில்லை. அவரைக் கலங்கடித்தவர் ரெஜ் சக்டன்.

ரெஜ் என்றைக்கும் சிவப்புக் கூரை. வார நாளில் சவ ஊர்தி ஓட்டுகிற, வார்த்தைக்கு வலிக்குமோ என்று பேசுகிற மனிதர். சனிக்கிழமையானால் வில்ஃபைத் தேடிப் பிடித்து இடிப்பார். வில்ஃபின் ஒரு பல்லும் இரண்டு விலா எலும்பும் அவர் உபயம். கிறிஸ்துமஸ் விருந்து இரண்டு குடும்பத்துக்கும் ஒரே மேஜையில்தான்.

அப்படிப்பட்ட ரெஜ் ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை பின்னால் உறுமிக்கொண்டு வந்தார். வில்ஃப் பல்லைக் கடித்துத் தோளை இறுக்கி இடியை எதிர்பார்த்திருந்தார். ரெஜ் ஒதுங்கி, சுற்றி, உரசாமல் முந்திப் போனார். போகும்போது மெல்லத் தலையை வேறு அசைத்தார். அடுத்த வாரமும் அதே மரியாதை.

வில்ஃபுக்குச் சோறு இறங்கவில்லை, அதாவது மாவுக்குள் ஆட்டிறைச்சி வைத்துச் சுட்ட பை இறங்கவில்லை.

"இடிக்கலையேன்னு எந்த மனுஷனாவது அழுவானா?" என்றார் டோரின்.

"உனக்குப் புரியாது டோரின். அவன் அப்படித் தலையாட்டறது பெட்டிக்குள்ள படுத்திருக்கறவங்களைப் பாத்து மட்டுந்தான்."

ஜூலையில் புதுத் தரவரிசை வந்தது. ஆக்ராய்ட், வெள்ளை. வில்ஃப் பெயின்ட் அடிக்க மறுத்தார். தப்பான நிறத்தோடு வருகிறவர் சிவப்புகளுக்கும் பின்னால்தான் நிற்க வேண்டும் என்று விதி. நிற்கிறேன் என்று போய் நின்றார். மூன்று வாரம் எல்லோருக்கும் கடைசியில் கிளம்பி எல்லோருக்கும் கடைசியில் வந்து சேர்ந்தார். காரில் ஒரு கீறல் கிடையாது. கராஜில் காரைச் சுற்றிச் சுற்றி வந்து, தன்னை இந்த உலகமே கைவிட்டதாக முடிவு செய்தார்.

டோரின்தான் கேட்டார், "உனக்குப் பின்னாடி ஒரு வண்டியும் இல்ல. அப்புறம் உன்னை இடிக்கப்போறது யாரு, சாமியா?" அடுத்த சனிக்கிழமை காலை, சமையலறை ஜன்னலுக்கு வாங்கிய வெள்ளைப் பெயின்டை டோரினே கூரைக்கு அடித்தார். வில்ஃப் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அன்று மாலை கோப்பைக்கான இறுதிப் பந்தயத்தின் முன்வரிசையில், முகப்பரு ஆறாத வெள்ளைக் கூரைகளுக்கு நடுவே வில்ஃப். "நம்ம புதுமுகம் வில்ஃப் ஆக்ராய்ட், வயசு ஐம்பத்தொண்ணு" என்று ஒலிபெருக்கி அறிவித்தது. மைதானம் சிரித்து ஓய்வதற்குள் கொடி விழுந்தது. பொடியன்கள் முதல் திருப்பத்திலேயே ஒருவர்மேல் ஒருவர் ஏறிச் சிக்கிக்கொள்ள, வில்ஃப் தனியாகப் பிய்த்துக்கொண்டு போனார். வாழ்நாளில் ஒருமுறைகூட அவர் இறுதிப் பந்தயத்தை ஜெயித்ததில்லை.

கடைசிச் சுற்றில் பின்னால் அந்த உறுமல். திரும்பிப் பார்க்கவே வேண்டாம், ரெஜ். விட்டுக்கொடுத்தால் கோப்பை. ஆனால் சவ ஊர்திக்காரர் விட்டுக்கொடுத்த கோப்பை. கடைசித் திருப்பத்துக்குள் நுழையும்போது, 'இன்றைக்கு மட்டும் கனவானாக இரு ரெஜ்' என்று ஒரு பலவீனமான எண்ணம் வில்ஃபுக்குத் தோன்றியதை இங்கே பதிவு செய்யத்தான் வேண்டும்.

பிறகு இடி விழுந்தது. கார் பாதி வேலி ஏறி அங்கேயே தொங்கியது. கோப்பை ரெஜ்ஜுக்கு.

பந்தயம் முடிந்ததும் ரெஜ் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டு வேலியோரம் வந்தார். "உசுரோட இருக்கியா?"

"பாவி, ஒரே ஒரு தடவை ஜெயிச்சிருப்பேனே."

"முன்னால நின்னா இடிக்காம என்ன செய்ய?"

"அப்ப ஜூன்ல ஏன் இடிக்கல?"

"எட்டாவதா போறவனை இடிச்சு என் பம்பரை நான் வளைச்சுக்கவா? வழியில நீ எங்கய்யா இருந்த?"

வில்ஃப் தொங்கியபடியே மெதுவாகக் கேட்டார், "தலைய ஆட்டினியே?"

"ஆட்டினேனா? ஏப்ரல்ல நீ பக்கவாட்டுல விட்டியே ஒரு குத்து, அதுலேருந்து கழுத்து நிக்கவே மாட்டேங்குது. சவ ஊர்வலத்துல எல்லாரும் நான் ரொம்ப உருகறதா நினைச்சுக்கறாங்க."

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் டோரின், ஆஸ்பத்திரியில் விலாவைக் காட்டலாமா என்று கேட்டுக்கொண்டே வந்தார். வில்ஃப் ரெஜ்ஜின் கழுத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை அவரை ரோலரில் ஏற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அதை அவர் மறைக்கவில்லை. கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும், இடித்தது சாதாரண ஆளில்லை, ரெஜ் சக்டன் என்று பெயர் சொல்லிக்கொண்டே தெருவை உருட்டினார்.