கமிஷன் வராத பார்ட்டி

காஞ்சிபுரத்தில் நான் குடியிருக்கும் வீட்டுக்குக் கீழே ஒரு பட்டுப்புடவைக் கடை. கண்ணாடிக் கதவு, ஏசி, வாசலில் தலைப்பாகை கட்டிய காவலாளி, உள்ளே நுழைந்ததும் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டுவதற்கென்றே ஒரு தறி. பஸ் வந்து நின்றால்தான் அந்தத் தறி ஓடும். மாடியில் படுத்துக்கொண்டே, தறிச் சத்தத்தை வைத்து பாண்டிச்சேரி பஸ் வந்துவிட்டது என்று சொல்லிவிடுவேன். பெரிய கோயில் நடக்கும் தூரத்தில் இருப்பதால் தெருவே இப்படித்தான். பட்டுக் கடையை ஒட்டிப் பட்டுக் கடை. நடுவில் ஒரு ஹோட்டல், அங்கே காபியைக் குடிக்கவே வேண்டாம், விலையைப் பார்த்தாலே தூக்கம் கலைந்துவிடும்.

நான் மலேசியாக்காரி. ஈப்போவில் பிறந்தேன். அப்பா தமிழர், அம்மா சீனர். படித்தது தமிழ்ப் பள்ளி, கோபம் வந்தால் வாயில் வருவதும் தமிழ்தான். ஆனால் முகம் அப்படியே அம்மா. ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்தபோது, இந்த மாடியை வெளிநாட்டவருக்கென்றே புதுப்பித்து வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் இருப்பது சென்னையில். கேட்டதும் வெளிநாட்டு வாடகைதான். குளியலறையில் சுடுதண்ணீர் வரும் என்று சொன்னதில் மயங்கிச் சரி என்றேன்.

இந்தத் தெருவுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. வெளியூர் ஆளை ஆட்டோக்காரர் கடைக்குக் கூட்டி வந்தால், அந்த ஆள் புடவை வாங்கினால், ஆட்டோக்காரருக்குக் கடை கமிஷன் தரும். அப்படி வருகிறவருக்குப் பெயர் ‘பார்ட்டி’. முகத்தில் சீனாவையும் தோளில் பையையும் மாட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து பட்டுக் கடை வாசலில் இறங்கும் ஒருத்தியைப் பார்த்தால் என்ன தோன்றும்? முதல் நாளே தோன்றிவிட்டது.

அன்று என்னை ஏற்றி வந்தவர் பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்துக்காரர். ஐம்பது வயதிருக்கும். ஆட்டோக் கண்ணாடியில் ஒரு மரச் சிலுவை தொங்கும். நான் இறங்கிப் பக்கத்துச் சந்தில் திரும்பி மாடிப்படி ஏறினேன். அவர் நேரே போய்க் கடைக் கதவைத் திறந்து பிடித்தபடி உள்ளே குரல் கொடுத்தது படியில் எனக்கும் கேட்டது.

“அண்ணாத்த, பார்ட்டி கூட்டியாந்துக்கிறேன். பாத்துப் போட்டுக் குடு.”

“எங்கப்பா பார்ட்டி?” என்றார் கடை மேனேஜர்.

“தோ, மேல ஏறுதே சைனாக்காரம்மா.”

“அது மாடில குடியிருக்கிற பொண்ணுய்யா.”

“யார்கிட்ட கத வுடற? மேல தனியா ரூம் வெச்சி காஸ்ட்லி பொடவ காட்டிக்கினு கீறீங்களா?”

எனக்குச் சுர்ரென்று வந்தது. படியில் நின்றபடியே கத்தினேன். “அண்ணே, மேலே என் துணிதான் காயுது. வந்து பார்க்கிறீங்களா?”

“ஐயே, தமிழ் பேசுது!” என்றார். கமிஷன் போன வருத்தத்தைவிட அந்த ஆச்சரியம் பெரிதாக இருந்தது.

அவர் ஒருவரோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. காலையில் பஸ் நிலையத்தில் கம்பெனி வேன் ஏறுவேன், மாலையில் அதே இடத்தில் இறங்கி ஆட்டோ பிடிப்பேன். நாளுக்கு ஓர் ஆட்டோ, நாளுக்கு ஒரு சண்டை. மேனேஜர் வெறுத்துப் போய், “ஏம்மா, நீ ரெண்டு கடை தள்ளி எறங்கி நடந்து வரக்கூடாதா?” என்று கேட்டார். “என் வீட்டு வாசல்ல இறங்காம வேற எங்கே இறங்குவேன்?” என்று நானும் எகிறினேன். கடைசியில் முசரவாக்கத்து அண்ணன்தான் ஆட்டோ ஸ்டாண்டில் சொல்லி வைத்தார். “அந்தம்மாவ ஏத்தினா வாடக மட்டும்தான்பா. கமிஷன் வராத பார்ட்டி.” அந்தப் பட்டம் நிலைத்துவிட்டது.

இரண்டு வருடம் இப்படியே ஓடியது. மின்சாரம் போனால் கடை ஜெனரேட்டரிலிருந்து என் மின்விசிறிக்கு ஓர் ஒயர் இழுத்துக் கொடுத்தார் மேனேஜர். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தார். எங்கள் ஊரில் காலை உணவு சாப்பிட்டாயா என்பதை ‘பசியாறிட்டீங்களா’ என்று கேட்போம். ஒரு நாள் காவலாளியை அப்படிக் கேட்டேன். மறுநாளிலிருந்து அவர் முந்திக்கொண்டு, “பசியாறிட்டியாமா?” என்று கேட்க ஆரம்பித்தார். எனக்கு இந்த ஊர் பிடித்துப்போனது இப்படித்தான். கோபுரத்தைப் பார்த்துப் பிடித்தது என்று சொன்னால் கௌரவமாக இருக்கும், ஆனால் பொய்.

தொழிற்சாலை என் ஒப்பந்தத்தை நீட்டித்தது. இந்தியாவில் தங்கும் அனுமதியையும் நீட்டிக்க வேண்டும். அதற்கு, கொடுத்த முகவரியில் நான் உண்மையில் வசிக்கிறேனா என்று போலீஸ் வந்து விசாரிக்கும். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்று அசட்டையாக இருந்தேன். ஒரு மாலை ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. “மேடம், நீங்க அந்த அட்ரஸ்ல இல்லன்றாங்களே.”

பழைய அனுமதி முடிய மூன்று வாரம்தான் இருந்தது. விசாரணை சரியாக வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். ஈப்போவுக்குப் போவது ஒன்றும் தண்டனை இல்லை, அம்மா இருக்கிறாள். ஆனால் எனக்குப் போக மனமில்லை. எவ்வளவு மனமில்லை என்பதே அந்த போன் வந்த பிறகுதான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை மறுபடி வருவதாகவும், தெருவில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொன்னார் போனில் பேசிய கான்ஸ்டபிள். யார் என்னை இல்லை என்று சொன்னது என்று கேட்டேன். கீழே இருக்கும் பட்டுக் கடையில்தான்.

படியைத் தடதடவென்று இறங்கினேன். “ரெண்டு வருஷமா உங்க தலைக்கு மேலே நடக்கிறேன். என்னைத் தெரியாதா உங்களுக்கு?”

மேனேஜர் கையிலிருந்த புடவையைக் கீழே வைத்தார். “ஐயோ, உன்னையாம்மா கேட்டாரு? இங்க ஒரு வெளிநாட்டு லேடி இருக்காங்களான்னாரு. எதோ டூரிஸ்ட் பொடவ மேல கம்ப்ளெய்ண்ட் குடுத்துட்டாங்கன்னு பயந்து, அப்டி யாரையும் நாங்க பாக்கவே இல்லன்னுட்டேன். நீன்னு தோணவே இல்லமா. உன்ன யாரு வெளிநாடுன்னு நெனச்சிக்கினு கீறாங்க?”

“நல்லாச் சமாளிக்கிறீங்க” என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டேன். கதவைச் சாத்திய பிறகு அவர் சொன்னதையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை கான்ஸ்டபிள் வந்தார். மேனேஜர் ஓடி வந்து, “இங்கதான் சார் இருக்குது, ரெண்டு வருஷமா” என்றார்.

“போன வாரம் இல்லன்னீங்க. இன்னைக்கு இருக்குதுன்றீங்க. நான் எத எழுதறது?”

கேட்டது நியாயம்தான். வாடகை ஒப்பந்தத்தை நீட்டினேன். காகிதம் சரி, ஆனால் ஆள் இருப்பதற்குச் சாட்சி வேண்டும் என்றார் கான்ஸ்டபிள்.

அந்த நேரம் பார்த்து முசரவாக்கத்து அண்ணன் ஒரு ஜோடியைக் கடை வாசலில் இறக்கிவிட்டு வந்தார். “இன்னா சார் பிரச்சன?”

“இந்தம்மா இங்க குடியிருக்குதா, இல்ல டூரிஸ்ட்டா வந்து போவுதா? உனக்குத் தெரியுமா?”

“எனக்கா தெரியாது?” அண்ணனுக்குக் குரல் ஏறிவிட்டது. “ரெண்டு வருஷமா ஏத்திக்கினு வந்து இதே வாசல்ல எறக்கி வுடுறேன் சார். ஒரு தபா, ஒரே ஒரு தபா கமிஷன் வந்துக்குதான்னு இவர கேளுங்க. ஸ்டாண்டுல எவன வேணா கேளுங்க. டூரிஸ்ட்டா இருந்தா வந்திருக்காதா?”

கான்ஸ்டபிள் சிரித்துவிட்டார். “கமிஷன் வரலன்றதெல்லாம் ரிப்போர்ட்ல எழுத முடியாதுயா. கையெழுத்துப் போடுவியா?”

“ரெண்டு போடறேன் சார்.”

ஒன்று போதும் என்றார். இன்னொன்று மேனேஜர் போட்டார்.

அனுமதி வந்த வாரம் பஸ் நிலையத்தில் அந்த அண்ணனின் ஆட்டோவையே தேடி ஏறினேன். வாசலில் இறங்கியதும் அவரையும் கூப்பிட்டுக்கொண்டு கண்ணாடிக் கதவைத் தள்ளிக் கடைக்குள் போனேன். இரண்டு வருடத்தில் நான் அங்கே புடவை வாங்கப் போனது அதுதான் முதல் முறை. அம்மாவுக்கு அரக்கு பார்டர் போட்ட மாம்பழ மஞ்சள் பட்டு ஒன்று எடுத்தேன். பில் போட்டதும் மேனேஜரிடம் சொன்னேன். “இன்னைக்கு நான்தான் பார்ட்டி. அண்ணனுக்கு உள்ளதைக் கொடுங்க.”

மேனேஜர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார்.

“இன்னாமா நீ? வெளியூர் ஆளக் கூட்டியாந்தாதான் கமிஷன். வூட்டு ஆளுக்குப் போயி எவனாச்சும் வாங்குவானா?” என்றவர் கையை நீட்டினார். “ஆட்டோ வாடகய மட்டும் குடு.”

கொடுத்தேன். சில்லறை இல்லை என்று சொல்லி, மீதிப் பத்து ரூபாயை வழக்கம்போல அவரே வைத்துக்கொண்டார். முதல் முறையாக அதற்கு நான் சண்டை போடவில்லை.