ஆறு மாவும் ஆறு ஏக்கரும்

போன் திரையில் பொத்தான் வரைந்து பிழைக்கும் என் இனத்தாருக்குத் தெரியும்: சரியாகச் செய்தால் நம் வேலை யார் கண்ணிலும் படாது, தப்பாகச் செய்தால் ஊரே நம் நம்பரைத் தேடும். தஞ்சாவூரில் மூன்றே பேர் உட்காரும் ஆபீஸ் எங்களுடையது. நீடாமங்கலத்தில் அறுப்பு மெஷின்கள் வைத்திருக்கும் செல்வராசு அண்ணனுக்கு, மெஷின் பதிவு செய்யும் ஆப் ஒன்றை வடிவமைத்தேன். அவர் கொடுத்த கெடு ஒரே ஒரு சம்பா அறுவடை. மெஷின் கேட்டு நாள்முழுக்க அடிக்கும் தன் போன் அதற்குள் ஓயாவிட்டால் ஆப்பை மூடிவிடுவாராம். மூடினால் என் நாற்காலியும் காலி.

இரண்டாவது மெஷின்

'ஏக்கர்' என்று எழுதிப் பக்கத்தில் ஒரு கட்டம் வைத்திருந்தேன். கூத்தாநல்லூர் பக்கத்து விவசாயி ஒருவர் அதில் ஆறு என்று அடித்தார். ஆறு ஏக்கர் என்று நம்பி அண்ணன் இரண்டு மெஷின் அனுப்பினார். அங்கே இருந்தது ஆறு மா, அதாவது இரண்டே ஏக்கர். ஒரு மெஷின் அறுக்க, இன்னொன்று வரப்போரம் வேடிக்கை பார்த்தது.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் திருத்துறைப்பூண்டிக்காரி, என் அப்பா ஒருநாளும் ஏக்கரில் பேசியதில்லை. அன்றைக்கே 'மா', 'ஏக்கர்' என்று இரண்டு பொத்தான் வைத்தேன். அதற்குள் அண்ணன் கூப்பிட்டுவிட்டார். "நீ செஞ்சது ஆப் இல்லம்மா, எனக்கு வச்ச ஆப்பு."

ரத்து

நிலம் வைத்திருக்கும் டீச்சர் ஒருவர், மழையில் வயல் காயாததால் பதிவை ரத்து செய்யப் பார்த்தார். 'பதிவை ரத்து செய்யவா?' என்று கேட்டுவிட்டு, கீழே 'சரி', 'ரத்து' என்று இரண்டு பொத்தான் வைத்த புண்ணியவதி நான்தான். அவர் மூன்று முறை 'ரத்து' தொட்டார். மூன்று முறையும் ரத்து செய்வதே ரத்தானது. மெஷின் போய்ச் சேற்றில் நின்றது.

'மெஷின் வரட்டும்', 'மெஷின் வேண்டாம்' என்று மாற்றினேன். அடுத்த வாரம் டீச்சரே கூப்பிட்டார். "இப்ப வேண்டாம்னா கேட்டுக்குதும்மா, என் கிளாஸ் பசங்களுக்கு இது எவ்வளவோ தேவலாம்."

வெயில்

ஆப்பில் எழுத்தெல்லாம் இளஞ்சாம்பல் நிறம். ஆபீசில் அழகோ அழகு. வயலுக்கு நேரில் போனபோது, மெஷின் டிரைவர் தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு போனைப் படித்துக்கொண்டிருந்தார். அங்கேயே, வரப்பில் உட்கார்ந்து எல்லா எழுத்தையும் தடித்த கறுப்பாக்கினேன். அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். "இத்தனை நாள் நிழல்லயே உக்காந்து செஞ்சீங்களாக்கா?"

ரிப்பேர்

அறுப்பு உச்சத்தில் இருந்த ஒருநாள் அண்ணன் ஆபீசுக்கே வந்துவிட்டார். ஆப்பை மூடச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ, காலையிலிருந்து ஒரு அழைப்பும் இல்லை, போனைக் கடையில் காட்டினால் கோளாறே இல்லை என்கிறார்கள் என்று புலம்பினார். நான் திரையைத் திருப்பிக் காட்டினேன். அந்த வாரம் முழுக்க எல்லா மெஷினுக்கும் பதிவு நிரம்பியிருந்தது, எல்லாம் ஆப்பில் வந்து நேரே டிரைவர்கள் போனுக்குப் போனவை. எனக்குக் கத்த வேண்டும் போல் சந்தோஷம். அண்ணன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அடுத்த குறுவை அறுப்புக்கும் நீயே பாத்துக்கம்மா."

மாலை மரியாதைக்கு ஆசைப்படாதீர்கள் பொத்தான்காரர்களே, நம் தொழிலில் முதலாளி தன் போன் கெட்டுப்போச்சு என்று நினைப்பதுதான் பட்டாபிஷேகம்.