எழுந்திருக்க முடியாத சகன்

"மனசு வச்சா முடியும்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வைக்கிறதுக்கு மனசு இல்லை என்பதுதான் நோயே. அது எவனுக்கும் புரியவில்லை.

பக்கவாதம் எனக்கு வலது பக்கத்தை அடித்தது. கால் இழுத்து இழுத்தாவது நடக்க வந்தது. கை வரவில்லை. பல்லாவரத்தில் பெயின்ட் கடை வைத்து, டப்பா டப்பாவாகத் தூக்கின கை. தாம்பரத்தில் பிசியோதெரபி சொல்லிக்கொடுக்கிற பெண், அந்தக் கையால் கோலிக்குண்டு பொறுக்கிக் கிண்ணத்தில் போடச் சொன்னாள். ஒரு குண்டை எடுப்பதற்குள் சட்டை நனைந்துவிடும். எடுத்தால் நழுவும்.

"எதுக்கும்மா இந்தக் கூத்து?" என்று கத்தினேன்.

"இப்பவே பழக்கணும் சார். விட்டா கை இறுகிடும். கை சரியாகற வரைக்கும் லெஃப்ட் ஹேண்ட்ல சாப்பிட்டுக்கோங்க."

அன்றோடு போவதை நிறுத்தினேன். இடது கையால் சோறு தின்பது எங்கள் வீட்டில் கிடையாது. பட்டினி கிடந்தாலும் கிடப்பேன்.

அதனால் என் மனைவி ஸ்பூனால் ஊட்டினாள். ஊட்டி, வாய் துடைத்துவிட்டு, ஆறிப்போனதை அடுப்படியில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவாள். தாம்பரத்துக்குப் போங்கள் என்று ஒரு நாளும் கெஞ்சவில்லை. ஆனால் காலையில் ஆட்டோக்காரருக்கு போன் போட்டு, "இன்னிக்கு வேணாம்ணா, நாளைக்குப் பாப்போம்" என்பாள். தினமும் இதே பேச்சு. இனிமேல் வரவே வேண்டாம் என்று சொல்லித் தொலைக்க மாட்டாள்.

அப்போதுதான் அவள் தம்பி மகளுக்குக் கல்யாணம் வந்தது. நான் வரவில்லை என்றேன். அந்தத் தம்பி, என் மச்சான், காரை எடுத்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"லுங்கியோட வர்றீங்களா மச்சான், இல்ல வேட்டி கட்டி விடவா?"

மண்டபத்தில் ஏதாவது மூலை அறையில் உட்கார வைத்து ஊட்டுவார்கள் என்று நினைத்தேன். அவன் நேராகப் பந்திக்குக் கூட்டிப்போய், சுவரில் சாய்த்துப் பாயில் உட்கார வைத்தான். எங்கள் ஆட்கள் கல்யாணத்தில் சாப்பாடு சகனில்தான். சகன் என்றால் பெரிய வட்டத் தட்டு. நாலு பேர் சுற்றி உட்கார்ந்து அதே தட்டில் சாப்பிட வேண்டும். நல்ல கறித்துண்டு நம் பக்கம் இருந்தால் அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவது மரியாதை. நாலு பேரும் முடிக்காமல் ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது.

எங்கள் சகனில் நான், மச்சான், மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர்.

"ஸ்பூன் கொண்டா" என்றேன்.

"சகன்ல ஸ்பூனா? மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பொண்ணைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

எதிரே இருந்த பெரியவர் சிரித்தார். "கையை வைங்க பாய். நீங்க முடிக்காம நாங்க எந்திரிக்க முடியாது. எனக்கு முட்டி வலி வேற."

வைத்தேன். விரல் கூடவில்லை. சோறு மச்சான் பக்கம் சிதறியது. வாய்க்குப் போனது பாதி, தாடிக்குப் போனது பாதி. யாராவது 'பரவாயில்ல' என்று சொன்னால் தட்டைக் கவிழ்த்துவிடலாம் என்றிருந்தேன். சொல்லவில்லை. நான் சிதறியதை மச்சான் தன் சோறு மாதிரி அள்ளித் தின்றான். பெரியவர் கறியைப் பிய்த்து என் பக்கம் தள்ளினார். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன பாய், எல்லாக் கறியும் உங்க பக்கமே கிடக்குது" என்றார்.

கட்டைவிரலால் ஒரு துண்டை நகர்த்தினேன். பாதித் தட்டில் நின்றுவிட்டது.

"போதும், மீதி தூரம் நான் வந்து வாங்கிக்கிறேன்" என்று எடுத்துக்கொண்டார்.

மற்ற சகன்கள் எல்லாம் எழுந்துவிட்டன. அடுத்த பந்திக்குப் பாய் தட்ட வந்தவனிடம் மச்சான், "பொறுப்பா, மச்சான் சாப்புட்டுக்கிட்டு இருக்கார்ல" என்றான். எனக்காக மூன்று பேர் காய்ந்த கையோடு உட்கார்ந்திருந்தார்கள்.

காரில் என் மனைவி கேட்டது ஒன்றுதான். "கறி வெந்திருந்துச்சா?"

"உப்பு கம்மி."

மறுநாள் காலை அவள் போனை எடுத்து, "இன்னிக்கு வேணாம்ணா" என்று ஆரம்பித்தாள். "வரச் சொல்லு" என்றேன். "வாங்கண்ணா" என்று போனை வைத்தாள்.

கோலிக்குண்டு அன்றைக்கும் நழுவியது. அந்தப் பெண்ணிடம் அன்றைக்கும் கத்தினேன். மத்தியானம் வீட்டுக்கு வந்து, பெரிய தட்டில் இரண்டு பேருக்கும் சோறு போடச் சொன்னேன்.

"நீங்க சாப்பிடுங்க, நான் அப்புறம்…"

"உக்காருடி."

எதிரே உட்கார்ந்தாள். மீனை முள் எடுத்து என் பக்கம் தள்ளினாள். நான் அதில் பெரிய துண்டாகப் பார்த்து அவள் பக்கம் தள்ளினேன். பாதியில் நின்றது.

அந்தப் பெரியவர் மாதிரி இவள் கையை நீட்டவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, பசியோடு, துண்டையே பார்த்துக் காத்திருந்தாள்.

நான் தள்ளினேன்.